வல்லை வெளியில் ஒரு பிறேக் கம்பி

வல்லை வெளியில், தெருவோர மணலில், வெண்ணெய் நிறப் பட்டுச்சேலையோடு குந்தியிருந்து நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அன்று எனக்குக் கலியாண எழுத்து, பதிவுக் கலியாணம். என் முன்னால் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் நின்றது. அதன் கீழிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவை மாப்பிள்ளையின் கால்கள்.

சோளகக் காற்று அந்த வெளியில் எப்படி வீசும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். முந்தானை ஒரு திசைக்குப் போனது, தலையில் வைத்த மல்லிகை இன்னொரு திசைக்குப் போனது. பல்லுக்குள் உப்புக் கலந்த தூசி. என் கையில் துருவேறிய ஒரு கம்பி. பருத்தித்துறை பஸ் ஒன்று எங்களைக் கடக்கும்போது வேகத்தைக் குறைத்தது. ஒரு பக்கத்து யன்னல் முழுக்க முகங்கள்.

கீழேயிருந்து அவர் கேட்டார்: "றீற்றா, சிரிக்கிறியளோ அழுறியளோ?"

"சிரிக்கிறன்."

"அப்ப சரி" என்றார். மறுபடியும் குறடு இரும்பில் உராயும் சத்தம் கேட்டது.

கடந்த சில வாரங்களாக, யுத்தத்தில் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தைத்தான் இந்த வாராந்தப் பக்கத்தில் எழுதினேன். எழுதி எழுதி எனக்கே நெஞ்சு கனத்துப்போனது. அதனால் இந்த வாரம், ஐம்பதைத் தாண்டிய பிறகு நான் மணப்பெண்ணான கதை. இதற்கு முன் எழுதிய எதையும் வாசித்திருக்கத் தேவையில்லை. சிரிப்பு வந்தால் அடக்கவும் தேவையில்லை.

சீற் தைக்க வந்தவர்

குருநகரில் கடற்கரைப் பக்கமாக எனக்கு ஒரு தையற்கடை இருக்கிறது. பெண்பிள்ளைகள் சட்டை அளவு கொடுக்க வருகிற கடை அல்ல அது. வள்ளங்களுக்குப் படங்கு, வெளியெஞ்சினுக்கு உறை, வலை காவுகிற பை என்று தடித்த துணிகள்தான் என் வேலை. கோயில் திருநாள் வந்தால் கொடிகளும் தைப்பேன். என் மெஷினின் ஊசி, சாதாரண ஊசியின் பெரியப்பா மாதிரி இருக்கும்.

வீட்டில் நானும் என் மூத்த அண்ணையும்தான். பெயர் சூசை. கடற்தொழில். அண்ணி காலமாகி, ஒரே மகள் டிலானி கலியாணம் முடித்து லண்டனுக்குப் போன பிறகு, அவருக்குச் சமைத்துப் போடுவதும், அவர் சமையலைக் குறைசொல்லக் கேட்டுக்கொண்டிருப்பதும் என் பொறுப்பு. எனக்குக் கலியாணம் நடக்காததற்குப் பெரிய கதை ஒன்றுமில்லை. பேச்சு வரும்போதெல்லாம் எங்காவது ஓடவேண்டி வந்தது. ஓடி முடித்துத் திரும்பி வந்தபோது பேச்சு வருகிற வயது போய்விட்டது. அவ்வளவுதான்.

அப்படியிருக்க, ஒருநாள் பின்னேரம் ஒருவர் தகரமும் ஸ்பிறிங்குமாய் ஒரு பொருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைக்குள் வந்தார். நெல்லியடியிலிருந்து வருவதாகச் சொன்னார். பெயர் சிவலிங்கம். அரசாங்க ஆசுபத்திரி ஒன்றில் மருந்து கலந்து கொடுப்பவர். கக்கத்தில் இருந்தது பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் சீற். இங்கிலாந்தில் செய்தது, இப்போது எவரிடமும் இல்லாதது என்று சைக்கிளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நான் றெக்சின் என்ன நிறத்தில் வேண்டும் என்று கேட்டேன். அவர் சைக்கிளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

கறுப்பு றெக்சினில் தைத்துக் கொடுத்தேன். அடுத்த கிழமை திரும்பி வந்தார். ஓரத் தையல் கொஞ்சம் சுருங்கியிருக்கிறதாம். பிரித்துத் தைத்தேன். பிறகும் வந்தார். இப்போது ஓட்டுகிறவருடைய சீற் சரி, பின்னால் இருக்கிறவருக்கு ஒரு சீற் வேண்டுமாம். அதையும் தைத்தேன். அதற்குப் பிறகு கையில் ஒன்றுமே இல்லாமல் வந்தார். வந்து, படங்குச் சுருள் ஒன்றின் மேல் உட்கார்ந்து, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின் சீற்றிலை ஆர் இருக்கப்போகினம் எண்டு நான் அதைத் தைக்கத் தரேக்கை யோசிக்கேல்லை" என்றார். "இப்ப யோசிக்கிறன்."

அந்தப் பெரியப்பா ஊசி அன்று முறிந்தது. இத்தனை வருடத்தில் தையல் நடுவில் ஊசி முறிந்தது அந்த ஒருமுறைதான்.

மண்ணெண்ணெய் குடித்த காலம்

அந்தச் சைக்கிளைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். அது அவருடைய மாமா ஒருவர் ஓடியது. யுத்தத் தடையால் பெற்றோல் இல்லாத காலத்தில் அதை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். காபிரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோலை ஊசி மருந்து மாதிரி விட்டு உதைத்துக் கிளப்பினால், பிறகு மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டு ஓடும். அதன் பின்னால் எழும் புகையைப் பார்த்தே ஆர் வருகிறார் என்று ஊர் சொல்லும்.

இடம்பெயரும்போது அதை மாட்டுக்கொட்டிலுக்குள் விட்டு, மேலே பனையோலை அடுக்கிவிட்டுப் போனார்கள். திரும்பி வந்தபோது சைக்கிள் இருந்தது. பின் பிறேக்கின் கம்பி மட்டும் இல்லை. ஆர் கழற்றினார்கள், அதைக்கொண்டு என்ன செய்தார்கள் என்பது இன்றுவரை தெரியாது.

மோட்டார் சைக்கிள் பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். காலால் மிதிக்கிற பெடலிலிருந்து பின் சில்லு வரைக்கும் ஒரு நீளக் கம்பி ஓடும். பின் சில்லின் நடுவில் ஒரு டிரம். அந்த டிரம்மில் சின்னக் கை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பெடலை மிதித்தால் கம்பி அந்தக் கையை இழுக்கும், உள்ளேயிருக்கிற கட்டைகள் விரிந்து டிரம்மைப் பிடிக்கும், சில்லு நிற்கும். கம்பி இல்லையென்றால், எவ்வளவு மிதித்தாலும் காற்றை மிதிக்கிற மாதிரித்தான்.

மாமா, வீடு கட்டுகிற கொங்கிறீற்றுக்குப் போடும் கம்பி ஒன்றை எடுத்து, கொல்லன் பட்டறையில் இரண்டு பக்கமும் வளைத்து, கொளுவிவிட்டார். சரியான கம்பி கிடைக்கும் வரைக்கும் என்று சொல்லித்தான் போட்டாராம். மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். கம்பி அங்கேயே இருந்தது. சிவலிங்கம் அந்தச் சைக்கிளில் எல்லாவற்றையும் புதுப்பித்தார். பூச்சுப் பூசினார், எஞ்சினைக் கழற்றிப் பூட்டினார், சீற் தைத்தார். இந்தக் கம்பியில் மட்டும் கைவைக்கவில்லை. கேட்டால், அது இன்னும் பிடிக்குதுதானே என்பார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. கால்மெஷினிலும் மிதிபலகையிலிருந்து சில்லுக்கு ஒரு கம்பி போகும். நான் அதோடு வாழ்ந்தவள். வளைந்த இடம் தேய்ந்து மெலிந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த வளைவு ஈர்க்குப்போல மெலிந்திருந்ததை ஒருநாள் குனிந்து பார்த்துவிட்டேன். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. லண்டனில் இருக்கிற டிலானிக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.

அந்தப் பிள்ளை அங்கே பழைய சைக்கிள் சாமான் விற்கிற ஆளைத் தேடிப் பிடித்து, பெடலைக் கவ்வுகிற இரண்டு விரல் கவர், ஆணி, நீளக் கம்பி, ஸ்பிறிங், பின்பக்கத்தில் விரலால் திருகுகிற இரண்டு காதுள்ள நட்டு என்று முழுவதையும் வாங்கி, ஊருக்கு வந்த சிநேகிதி ஒருத்தியிடம் கொடுத்துவிட்டாள். சித்தப்பாவுக்கு உங்கடை கலியாணப் பரிசு, அத்தை, எழுத்து முடிஞ்சோடனை குடுங்கோ என்று சொல்லியிருந்தாள். தங்கநிறத் தாளில் சுற்றி, சிவப்பு றிபன் கட்டியிருந்தது. நீளம் மறைக்கமுடியாதபடியால், பார்க்கிறவர்களுக்கு அது குடை மாதிரித் தெரியும். அவர் அவளுக்கு மாமா முறை என்பதை நான் திருத்தவில்லை. அவ்வளவு சந்தோசம்.

அண்ணையும் வானும்

சூசையண்ணைக்கு இந்தக் கலியாணத்தில் மனமில்லை. சத்தம் போடவில்லை. ஆனால் நான் சிலுவை போட்ட வேதக்காரி, அவர் சைவக்காரர் என்றார். இந்த வயதில் எதற்கு என்றார். நெல்லியடி தூரம் என்றார். சிவலிங்கத்தின் பெயரை ஒருநாளும் சொல்லவில்லை. "உவர்" என்பார். உவர் வந்தவரோ, உவர் என்ன சொன்னவர், இப்படி. சிவலிங்கம் இரண்டு முறை வீட்டுக்கு வந்திருந்தார். இரண்டு முறையும் அண்ணை வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டு, எழும்பாமல், ஒரு வார்த்தை கதைக்காமல் இருந்தார்.

எழுத்து நெல்லியடியில், பதிவாளர் வீட்டிலேயே இருந்த கந்தோரில். சிவலிங்கத்தின் அக்கா, பவளக்கா, நல்ல நேரம் பார்த்துச் சொல்லியிருந்தார். மத்தியானத்துக்கு முன் முடியவேண்டும், அதற்குப் பிறகு பதிவாளருக்கும் பருத்தித்துறையில் வேறு எழுத்து இருந்தது. அண்ணை வாடகைக்கு ஒரு வான் வண்டி பிடித்திருந்தார். நான் சைக்கிளில்தான் போவேன் என்றேன். நான் தைத்த சீற்றில் நான் இருந்து போகாமல் வேறு ஆர் போவது?

அண்ணை சொன்னார்: "உவரோடை உந்தத் தகரத்திலை போறதெண்டால் போ. நான் வானிலை போறன். நேரத்துக்கு வராட்டி நான் எழும்பி வீட்டை வந்திடுவன். ஆக்களுக்கு முன்னாலை காத்துக்கொண்டு இருக்கேலாது."

எனக்குப் பகிடி மாதிரித்தான் பட்டது. ஆனால் அவர் பகிடி விடுகிறவர் அல்ல. சாட்சிக் கையெழுத்துப் போட என் பக்கத்தில் அவரை விட்டால் எவருமில்லை.

சிவலிங்கம் விடிந்த கையோடு வந்தார். வெள்ளைச் சேட்டு, நீளக் காற்சட்டை. வேட்டியை அங்கே போய் உடுப்பதாக ஏற்பாடு. தலைக்கவசத்தைப் போட்டால் மல்லிகை நசியும், போடாவிட்டால் பொலிஸ். போட்டேன். குடை மாதிரிப் பொதியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டேன். மடியில் இவ்வளவு நீளமாய்க் கிடப்பது என்ன என்று கேட்டார். பொம்பிளையளின்ரை சாமான் என்றேன். பிறகு கேட்கவில்லை.

கோப்பாய் தாண்ட, நீர்வேலி வாழைத்தோட்டங்களுக்குள்ளால் ஈரக்காற்று வந்தது. செம்மண் வாசம். சைக்கிள் "டுப் டுப்" என்று பெரிய மனிதர் நடக்கிற மாதிரிப் போனது. வேலியோரம் பல்விளக்கிக்கொண்டு நின்றவர் பிறஸ்ஸை வாயிலிருந்து எடுக்காமலே கையசைத்தார். நான் இளவரசி மாதிரிக் கையசைத்தேன். ஐம்பது தாண்டிய வயதில் இப்படி ஒரு பைத்தியம் பிடிக்கும் என்று எவரும் எனக்குச் சொல்லி வைக்கவில்லை.

அறுந்தது

அச்சுவேலி கழிந்து வல்லை வெளிக்குள் இறங்கினோம். தெருவில் மாடுகள். அவர் பிறேக்கை மிதித்தார். "டக்" என்று ஒரு சத்தம். பிறகு தெருவில் இரும்பு உராய்கிற சத்தம். திரும்பிப் பார்த்தேன். கம்பி பின்னால் இழுபட்டு, பொறி பறந்துகொண்டு வந்தது.

முன் பிறேக் அந்தச் சைக்கிளில் பேருக்குத்தான் இருந்தது. அவர் கியரைக் குறைத்து, எஞ்சினை அழவைத்து, தெருவைவிட்டு மணலுக்குள் இறக்கினார். மணல் சில்லைப் பிடித்து, மெதுவாக, பிள்ளையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி எங்களை நிறுத்தியது. மாடுகளில் ஒன்று வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது.

இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவருடைய முகம் வெளுத்துப்போனது. அறுந்த கம்பியைக் கையில் எடுத்து அதன் மெலிந்த வளைவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உங்களை இதிலை ஏத்தியிருக்கக்கூடாது என்று சொல்ல வாயெடுத்தார்.

நான் தங்கத் தாள் சுற்றிய பொதியை நீட்டினேன்.

"இதை எழுத்து முடிஞ்சாப்போலை தரச் சொன்னது. பரவாயில்லை, இப்ப பிடியுங்கோ."

றிபனைக்கூட அவர் அவிழ்க்கவில்லை. கிழித்தார். உள்ளே புதுக் கம்பி வெயிலில் மின்னியது. அந்த மனிதர் அதைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையிலும் தூக்கினார். ஸ்பிறிங்கைப் பார்த்தார், நட்டைத் திருகிப் பார்த்தார், ஆணியைப் பார்த்தார். பிறகு தெருவோர மணலில், மாடுகளின் முன்னிலையில், ஒரு சின்ன ஆட்டம் ஆடினார். நெல்லியடியில் அவரை மதிப்பான மனிதர் என்று சொல்வார்கள். இதை அவர்கள் வாசித்தால் வாசிக்கட்டும்.

விளக்குக்கு எண்ணெய்

புதுக் கம்பி இருந்தும் வேலை உடனே முடியவில்லை. பெடலில் மாமா அடித்துவைத்த பழைய ஆணி துருவில் ஒட்டிப்போய்க் கிடந்தது. அதை எடுத்தால்தான் புதுக் கவரை மாட்டலாம். சீற்றுக்குக் கீழே ஒரு குறடும் இரண்டு ஸ்பனரும் இருந்தன. சுத்தியல் இல்லை, எண்ணெய் இல்லை. மழைக்கோட்டை விரித்து அதன்மேல் மல்லாந்து படுத்து, குறட்டால் பிடித்து இழுத்துப் பார்த்தார். ஆணி அசையவில்லை. அப்போதுதான் நான் கம்பியும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

வானில் முதலே நெல்லியடிக்குப் போய்விட்ட அண்ணையின் அழைப்பு வந்தது. எங்கே நிற்கிறாய் என்று கேட்டார். வல்லையில், பிறேக் அறுந்துபோய் என்றேன். காற்று இரைந்த இரைச்சலில் அவர் என்ன சொன்னார் என்று முழுக்கக் கேட்கவில்லை. கடைசியில் கேட்டது ஒன்றுதான். "அங்கையே நில்." அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

சிரிப்பு நின்றுவிட்டது. வானைக் கொண்டுவந்து என்னை ஏற்றிக்கொண்டு குருநகருக்குத் திரும்பப்போகிறார் என்று நினைத்தேன். அவர் வருவதற்குள் சைக்கிள் ஓடவேண்டும். அதைத் தவிர எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

வல்லை முனியப்பர் கோயில் கிட்டத்தான். அந்தத் தெருவால் போகிற வாகனம் எல்லாம் அங்கே நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் போகும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காற்றை முட்டித் தள்ளிக்கொண்டு நடந்தேன். கோயிலடியில் ஒரு அம்மா கற்பூரமும் தேங்காயும் விற்றுக்கொண்டிருந்தார். கொஞ்சம் எண்ணெய் வேண்டும் என்றேன்.

"விளக்குக்கோ, பிள்ளை?"

"இல்லையம்மா, மோட்டார் சைக்கிளுக்கு."

என் சேலையைப் பார்த்தார், கழுத்துச் சிலுவையைப் பார்த்தார், சரிந்த பூவைப் பார்த்தார். மாப்பிள்ளை எங்கே என்று கேட்டார். நான் தூரத்தில், சைக்கிளின் கீழே தெரிந்த கால்களைக் காட்டினேன். அந்த அம்மா வெகு நேரம் அந்தக் கால்களைப் பார்த்தார். நல்ல நீளக் கால் என்றார். பிறகு ஒரு சிரட்டையில் நல்லெண்ணெய் வார்த்துத் தந்தார். வேதமெண்டாலும் போகேக்கை முனியப்பருக்கு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போ என்றார். சொன்னேன். அந்த நேரத்தில் ஆர் உதவினாலும் வேண்டாம் என்கிற நிலையில் நான் இல்லை.

எண்ணெயை ஆணியில் வார்த்து ஊறவிட்டோம். அறுந்த கம்பியின் மொட்டை முனையை அவர் ஆணியின் தலையில் பிடித்தார். நான் ஒரு கல்லை எடுத்து ஓங்கினேன். "என்ரை விரலைப் பாருங்கோ, மருந்து கலக்கிற விரல்" என்றார். காப்புக் குலுங்கக் குலுங்க அடித்தேன். தடித்த துணியோடு காலம் தள்ளிய கை. கடைசியில் ஆணி துள்ளிக்கொண்டு மணலில் போய் விழுந்தது. அந்தக் கணம் எங்கள் இருவருக்கும் வந்த சந்தோசத்தில் நாங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டோம். அதுதான் முதல் தடவை. இரண்டாவது பஸ் அந்த நேரம் பார்த்துத்தான் வந்தது. சாரதி கோர்ண் அடித்த அடியில் உப்பளவெளியில் நின்ற கொக்கெல்லாம் எழும்பின.

இரண்டு முனையிலும் இரண்டு பேர்

புதுக் கவரைப் பெடலில் கொளுவி ஆணி போடும்போது வான் வந்து நின்றது. அண்ணை இறங்கினார். வெள்ளை வேட்டி, மடிப்புக் குலையாத சேட்டு. முகத்தில் ஒன்றும் வாசிக்கமுடியவில்லை. நான் எழும்பி முன்னால் நின்றேன். என்னைத் தாண்டிப் போய்ச் சைக்கிளைப் பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார். புதுக் கம்பியைப் பார்த்தார்.

"உது எங்காலை?"

"டிலானி லண்டனிலையிருந்து அனுப்பினவள். கலியாணப் பரிசு" என்றேன்.

மகள் இந்தக் கலியாணத்துக்குப் பரிசு அனுப்பியதே அவருக்குத் தெரியாது. மணலில் கிடந்த தங்கத் தாளைக் குனிந்து எடுத்தார். அதில் அவளுடைய கையெழுத்தில் எங்கள் இருவருடைய பெயரும் இருந்தது. பறந்துபோகாமல் நாலாய் மடித்துச் சேட்டுப் பையில் வைத்தார்.

கம்பியை மாட்டினால் போதாது, அளவுக்கு இறுக்கவேண்டும். அளவுக்கு மேல் இறுகினால் சில்லு எந்நேரமும் உரசும், இளகினால் பிடிக்காது. ஒருவர் முன்னால் பெடலை மிதிக்க, இன்னொருவர் பின்னால் சில்லைச் சுற்றிப் பார்த்து அந்தக் காதுள்ள நட்டைத் திருகவேண்டும். சிவலிங்கம் பின்னால் குந்தியிருந்தார். பெடலடியில் ஆளில்லை. நான் போக அடியெடுத்து வைத்தேன். அண்ணை கையால் என்னை மறித்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, வெறுங்காலைப் பெடலில் வைத்தார்.

சிவலிங்கம், மிதியுங்கோ என்றார். அண்ணை மிதித்தார். விடுங்கோ என்றார். விட்டார். மிதித்திருக்கச் சொல்லிச் சில்லைச் சுற்றினார். அது பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. நட்டைத் திருகினார். மறுபடியும் மிதி, மறுபடியும் விடு. அவர்கள் இருவரும் ஒருவரோடொருவர் கதைத்த முதற்கதை அதுதான்.

பெடலில் காலை வைத்தபடியே, தூரத்தில் பாலத்தைப் பார்த்துக்கொண்டு, அண்ணை கேட்டார்.

"நெல்லியடிக்குப் போனால், இவள் குருநகர்ப் பக்கம் எப்பெப்ப வருவாள்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வேதமும் இல்லை, வயதும் இல்லை, தூரமும் இல்லை. இத்தனை மாதமாய் அவர் கேட்க நினைத்தது இந்த ஒன்றைத்தான். பின்னேரம் கடலால் வந்து கதவைத் திறந்தால் வீட்டுக்குள் எவரும் இல்லாமல் இருக்கும் என்பதைத்தான்.

சிவலிங்கம் திருகுவதை நிறுத்தினார். சில்லுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"கடை அங்கைதானே அண்ணை. கிழமை நாளிலை பஸ்ஸிலை வந்து போவா. ஞாயிறு ஞாயிறாய் நான் கூட்டிக்கொண்டு வாறன், பூசைக்கு விட்டிட்டு உங்களோடை இருந்து சாப்பிட்டிட்டுப் போறன். இந்தப் பிறேக் மட்டும் பிடிச்சால் காணும்."

அண்ணை பெடலை ஓங்கி மிதித்தார்.

"அப்ப வடிவாய் இறுக்கும்" என்றார்.

இறுக்குங்கோ என்று சொல்லவில்லை. நீர் என்று விளித்து இறுக்கும் என்றார். எங்கள் வீட்டில் அந்த "நீர்" சொந்தக்காரருக்கு மட்டும் உரியது. சிவலிங்கத்துக்கும் அது கேட்டது. குனிந்து, காது சிவக்க, நட்டை இறுக்கினார்.

மாப்பிள்ளை அழைப்பு

பிறேக் மாற்றினால் ஓடிப் பார்க்கவேண்டும். அண்ணை தானே ஓடிப் பார்ப்பதாகச் சொன்னார். என் தலைக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒரே உதையில் கிளப்பினார். பாலம் வரை போய்த் திரும்பி வந்து, எங்கள் முன்னால் அசையாமல் நிறுத்தினார். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அண்ணி இருந்த காலத்துக்குப் பிறகு பார்க்கவில்லை. நான் ஏறுவதற்குச் சேலையைத் தூக்கினேன்.

"நீ வானிலை வா" என்றார். "புதுப் பிறேக். பாதை முழுக்க ஓடிப் பாக்காமல் என்ரை தங்கச்சியை ஏத்தேலாது. நீர் ஏறும்."

சிவலிங்கம் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய? நேரமும் போய்க்கொண்டிருந்தது. அவர் ஏறினார். அந்தச் சீற்றில், என் அண்ணையின் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, என் மாப்பிள்ளை போனார். நான் வானில் சாரதிக்குப் பக்கத்தில் இருந்து பின்தொடர்ந்தேன். மடித்துக் கட்டிய வேட்டி காற்றில் வள்ளத்துப் பாய் மாதிரி ஊதியது. கண்ணீர் வரச் சிரித்தேன். சாரதி பாவம், பொம்பிளைக்கு ஏதோ நடந்துவிட்டது என்று பயந்து தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

பதிவாளர் வீட்டுப் படலை வாசலில் பவளக்கா ஆராத்தித் தட்டோடு நின்றார். சைக்கிளைக் கண்டதும் இரண்டடி முன்னால் வந்தார். அண்ணை பிறேக்கை முழுப் பலத்தோடு மிதித்தார். பின் சில்லு அப்படியே நின்று, தெருவில் கறுப்புக் கோடு கீறி, மாப்பிள்ளையின் மூக்கு அண்ணையின் முதுகில் போய் மோதியது. தூசி அடங்க, பவளக்கா முன்னால் இருப்பவருக்கே ஆராத்தியைச் சுற்றத் தொடங்கிவிட்டார். சுற்றிக்கொண்டு வரும்போது அண்ணை தலைக்கவசத்தைக் கழற்றினார். மொட்டைத் தலை முழுக்க என் மல்லிகை ஒட்டியிருந்தது.

பவளக்காவின் கை நின்றது. பொம்பிளை எங்கே என்று மெதுவாகக் கேட்டார்.

"பின்னாலை வானிலை வருது" என்றார் அண்ணை. "முதல்லை மச்சானைக் கொண்டந்திருக்கிறன்."

பவளக்கா ஒரு கணம் யோசித்தார். பிறகு இருவருக்கும் சேர்த்தே சுற்றி முடித்து, இருவருடைய நெற்றியிலும் பொட்டு வைத்தார். குருநகர்ச் சூசைக்கு நெற்றியில் குங்குமம். அவர் அதை அழிக்கவில்லை.

உள்ளே எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றோம். அண்ணையின் பொட்டையும் சிவலிங்கத்தின் சிவந்த மூக்கையும் பார்க்கப் பார்க்க எனக்கு அடக்கமுடியவில்லை. பதிவாளர் பொறுமையான மனிதர். கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, இது என்னுடைய சுயவிருப்பத்தோடு நடக்கிறதா என்று கேட்டார். வாயைத் திறந்தால் சிரிப்புத்தான் வருகிறது. மறுபடியும் கேட்டார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

பின்னாலிருந்து அண்ணையின் குரல் கேட்டது.

"ஓம் ஐயா, அவளுக்கு எப்பவோ விருப்பம். எங்களுக்குத்தான் இப்ப வந்தது. எழுதுங்கோ."